சபையறிய வைத்தியம் செய்தவர்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் மார்பு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு, நான்காம் நாள் வீடு திரும்பினார். நமது அச்சுக்கூடத்திற்கு அடுத்த வீதியில் வசிப்பவர், வயது ஐம்பத்திரண்டு. நமது யந்திரத்தில் பல் சக்கரம் தேய்ந்து போனால் வேறொன்று கடைந்து கொடுப்பவரும் அவரே. அவரைப் பார்க்கச் சென்ற உற்றார் உறவினரெல்லாம் மார்பில் தையல் எங்கே என்று தேடினர். மார்பில் ஒரு கீறலும் இல்லை. வலது மணிக்கட்டில் ஒரு சிறு பிளாஸ்திரி மாத்திரமே இருந்தது. இருதயத்து அடைப்பை எடுத்துவிட்டதாகச் சொல்லுகிறார்களே, கையில் ஊசி குத்தின தடம்தானே தெரிகிறது என்று அவருடைய வயது முதிர்ந்த தாயார் ஐயுற்றதை நாமே கேட்டோம். அந்த அம்மையார் திருநின்றவூர் இருதயாலீஸ்வரருக்கு வேண்டிக் கொண்டிருந்தார். பூசலார் நாயனார் கல்லும் மரமுமின்றித் தம் உள்ளத்திலேயே கோயில் எழுப்பிய தலம் அது. ஆவடிக்கு அப்பால் இருக்கும் அக்கோயிலுக்கு இருதய நோயாளிகள் நேர்ந்துகொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். வேண்டுதல் பலித்ததில் அம்மையாருக்குச் சந்தேகமில்லை. வைத்தியம் எந்த வழியாக நடந்தது என்பதில்தான் சந்தேகம்.

அந்த வழியைத் திறந்தவருடைய சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் காலமாகி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. வைத்திய உலகத்தில் அவர் பெயரை அறியாதார் இல்லை. அவருடைய முறையால் உயிர் பிழைத்த கோடிக்கணக்கானவர்களிலோ அப்பெயரை அறிந்தவர் அபூர்வம்.

ஆந்திரியாஸ் குருன்ட்ஸிக் 1939ம் வருஷம் ஜூன் மாதம் 25ந் தேதி ஜெர்மனி தேசத்து டிரெஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று மாதம் கழிவதற்குள் உலகத்தைப் பெரும் யுத்தம் சூழ்ந்தது. தகப்பனார் பள்ளியில் விஞ்ஞானம் போதித்தவர். யுத்த சேவைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தாயார் இரண்டு குமாரர்களையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். சில காலம் அர்ஜென்டினாவில் உறவினரிடத்தில் தங்கி, மீண்டும் கிழக்கு ஜெர்மனிக்கே திரும்பி, லைப்ஸிக் நகரில் குடியேறினார்கள். சங்கீத மேதை பாக் ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்த தாமஸ் பள்ளிக்கூடத்தில் ஆந்திரியாஸ் கல்வி பயின்றார். பெர்லின் நகரத்து மதிற்சுவர் எழும்புவதற்கு முன்பே எல்லையைக் கடந்து மேற்கு ஜெர்மனிக்கு வந்து, ஹைடல்பெர்க் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1964ல் தேறினார். அதன்பின் சில ஆண்டுகள் பல ஊர்களில் பலவிதமான உத்தியோகம் பார்த்தார். ஒன்றிலும் நிலைக்கவில்லை. இதை நாம் ஒரு குறையாகச் சொல்லவில்லை. தமக்குரிய வேலையைக் காணாத மனிதர் இடம் மாறிக்கொண்டேயிருப்பது இயல்பு.

அவருக்குரிய வேலை ஸ்விட்ஸர்லாந்தில் காத்திருந்தது. 1969ல் ஸூரிக் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் நோய்ப் பிரிவில் சேர்ந்தார்.

அந்நாளில் இந்த நோய்க்கு இருந்த பரிகாரம் என்ன என்பதை இங்கே சொல்லவேண்டும். இருதயமானது உடம்பு முழுவதற்கும் ரத்தம் இறைக்கிறது. தன் சொந்தத் தசைக்கு வேண்டிய ரத்தத்தையோ தன்மேல் படர்ந்திருக்கும் முக்கியமான மூன்று குழாய்களிலிருந்தே பெறுகிறது. அக்குழாய்களின் உள்விட்டம் சுமார் மூன்று மில்லிமீட்டர். கொழுப்புப் படிந்து அதில் ஒன்று குறுகினால் நடக்கும்போது மார்பு வலிக்கும். அந்தப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் முழுதும் அடைபட்டால் அந்தப் பகுதித் தசை சில மணி நேரத்தில் செத்துப்போகும். மருந்துகள் சில இருந்தன. மருந்துக்கு மீறினால் மார்பெலும்பைப் பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக் குழாயை அடைப்புக்கு அப்பால் வைத்துத் தைக்கும் பைபாஸ் என்னும் ரண சிகிச்சை. நமது நாட்டில் அதை முதன்முதலாக 1975ல் பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் செய்து காட்டியவர் டாக்டர் கே. எம். செரியன். அம்பத்தூரிலிருந்து ரெயில் ஏறினால் சில நிறுத்தங்களில் இறங்கக்கூடிய இடத்தில் அது நடந்தது என்பது நம் பக்கத்தவருக்குப் பெருமை தரும் செய்தி.

பிளக்காமல் உள்ளே புகமுடியும் என்று காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த போர்ஸ்மன் என்ற இளைஞர். 1929ல் அவர் தம் கையின் ரத்தக் குழாய் வழியாகத் தாமே ஒரு மெல்லிய குழலைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், குழலின் நுனி இருதயத்துக்குள் இருப்பதைப் படம் பிடித்தார். மேலதிகாரிகள் அவரைப் பைத்தியக்காரராக எண்ணினர். இருபத்தேழு வருஷம் கழித்து நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் போர்ட்லாண்டு நகரத்து டாட்டர் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1964ம் வருஷம் ஜனவரி 16ந் தேதி, பாதம் அழுகத் தொடங்கியும் காலை வெட்டச் சம்மதியாத எண்பது வயது கடந்த மாது ஒருவருடைய தொடைக் குழாயில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பருமனான குழல்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது. அமெரிக்க ரண வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐரோப்பாவில்தான் சிலர் கைக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான ஸைட்லரிடம் குருன்ட்ஸிக் அம்முறையைக் கற்றார்.

கற்றவுடனே அதன் குறையும் அவருக்குப் புலப்பட்டது. பருமனான குழலைத் தள்ளுவது படிவை முன்னே இடித்துக்கொண்டு போவதாகும். மேலும், குழாயை எவ்வளவு விரிக்கவேண்டுமோ அவ்வளவு பருமனான துவாரத்தைத் தோலிலும் போடவேண்டியிருந்தது. மெலிந்து உள்ளே போய், வேண்டிய இடத்தில் மாத்திரம் பருத்து, மறுபடி மெலிந்து வெளியே வரக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்று அவர் எண்ணினார். பலூன் என்றால் போதுமே என்று நமக்குத் தோன்றும். குழந்தைகள் ஊதும் ரப்பர் பலூன் இடங்கண்ட பக்கம் பிதுங்கும். கெட்டியான அடைப்பு இருக்கும் பக்கம் நகராது. ஓரளவுக்கு விரிந்து, அதற்குமேல் விரியாமல், கல்போல் நின்று அழுத்துகிற பலூன் அவருக்குத் தேவைப்பட்டது. ரப்பரின்மேல் பட்டு வலை சுற்றலாமா என்று பார்க்கப் பாதரட்சைக்குக் கயிறு நெய்யும் தொழிற்சாலைக்குப் போனார். ஓய்வு பெற்ற ரசாயன ஆசிரியர் ஒருவரிடம் போனார், அவர் பி.வி.ஸி. என்ற பிளாஸ்டிக்கைக் காட்டினார். மின்சாரக் கம்பிக்கு உறையாகும் அதே பொருள்தான்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. இரவில் வீட்டுச் சமையலறை மேஜையே தொழிற்சாலை. அவருடைய மனைவியும், உதவியாளரான மரியா ஷ்லும்ப் என்ற மாதும் அவர் கணவரும் கூடி உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழலைச் சுடவைத்து, அச்சில் ஊதி, வெட்டி, பசை வைத்து ஒட்டினர். இரண்டு வருஷம் இப்படிக் கழிந்தது. அம்பத்தூரிலும் பட்டரைவாக்கத்திலும் தகரக் கொட்டகைகளில் இருந்துகொண்டு பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய நுட்பமான உறுப்புக்களைக் கடைந்து தரும் தொழிலாளிகளுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. 1974ம் வருஷம் பிப்ரவரி 12ந் தேதி அந்தச் சமையலறைப் பலூன் முதன்முறையாக ஒரு நோயாளியின் கால் குழாயை விரித்தது. அடுத்த வருஷம், ஒரே குழலுக்குள் இரண்டு வழிகள் வைத்து, ஒன்றால் பலூனை ஊதவும் மற்றொன்றால் ரத்தத்தின் அழுத்தத்தை அளக்கவும் ஏற்பாடு செய்தார்.

பின்பு இருதயம். 1976ல் அமெரிக்காவில் மயாமி நகரில் கூடிய இருதய வைத்தியர் மகாநாட்டில், நாய்களிடம் நடத்திய பரிசோதனையின் முடிவுகளைப் பலகையில் ஒட்டி நின்றார். வந்தவர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தில், மூன்று மில்லிமீட்டர்க் குழாயை வேண்டுமென்றே ஒரு நிமிஷம் அடைப்பதாவது என்றனர். ஆனால் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து வந்திருந்த மைலர் நம்பினார். 1977ல் அவ்வூரில், பைபாஸுக்காக ஏற்கெனவே மார்பு திறக்கப்பட்ட நோயாளிகளிடம் இருவரும் பலூனைப் பரீட்சித்தார்கள். ஸூரிக்கில் ரண சிகிச்சைத் தலைவராயிருந்த ஸென்னிங் என்பவர் இதற்கு ஆதரவளித்ததை விசேஷமாகக் குறிப்பிடவேண்டும். இம்முறை வெற்றி பெற்றால் தம் பிரிவுக்கு வரும் நோயாளிகள் குறைவார்கள் என்பதை அவர் உணராதவரல்லர்.

1977ம் வருஷம் செப்டம்பர் மாதம் 16ந் தேதி அந்த நாள் வந்தது. நோயாளிக்கு வயது முப்பத்தெட்டு. வைத்தியருக்கும் அதே வயது. இருதயத்தின் முன்புறம் இறங்கும் இடது குழாயில் ஒரே ஓர் அடைப்பு. பைபாஸ் செய்துகொள்ளலாம், அல்லது உலகத்தில் எவரிடத்தும் இதுவரை இவ்விதம் செய்யப்படாத ஒன்றைச் செய்துகொள்ளலாம் என்று அவருக்கு விளக்கப்பட்டது. தாமே முதல்வர் என்று தெரிந்தே அவர் சம்மதித்தார். ரண வைத்தியர்கள் ஆயத்தமாக நின்றனர். தொடை வழியாகக் குழல் சென்றது, நோயாளி விழித்திருந்தார், பலூன் இருமுறை ஊதப்பட்டது. அடைப்புக்கு அப்பால் அழுத்தம் உயர்ந்தது. மார்பு வலி போயிற்று.

இனி நாம் சொல்லப் போவதே இச்சரித்திரத்தில் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது. வெற்றி கண்டவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: வித்தையை மறைத்து வைத்துப் பொருள் சேர்ப்பார்கள், அல்லது வெற்றிகளை மாத்திரம் எடுத்துரைப்பார்கள். குருன்ட்ஸிக் இரண்டையும் செய்யவில்லை. 1978ம் வருஷ ஆரம்பத்தில் லான்ஸெட் பத்திரிகைக்கு முதல் ஐந்து நோயாளிகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதினார். 1979ல் முதல் ஐம்பது பேருடைய கணக்கை வெளியிட்டார். முப்பத்திரண்டு பேரிடத்தில்தான் முறை பலித்தது. ஐவரை அவசரமாக ரண சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தது. சிலருக்கு இருதயத் தசை சேதமடைந்தது. புதிதாகக் கண்டுபிடித்த முறையில் மூன்றில் ஒரு பங்கு பலிக்கவில்லை என்பதைத் தாமே உலகறிய அச்சிட்டார்.

அதோடு நிற்கவில்லை. 1978ம் வருஷ ஆகஸ்டு முதல் பல தேசத்து வைத்தியர்களை ஸூரிக்குக்கு வரவழைத்து, சபையில் உட்காரவைத்து, தாம் சிகிச்சை செய்வதை டெலிவிஷன் மூலமாக அப்போதைக்கப்போதே காண்பித்தார். இன்று எல்லா மகாநாடுகளிலும் சாதாரணமாகிவிட்ட இவ்வழக்கம் அன்று துணிகரமான காரியம். எது நடந்தாலும் சபை பார்த்துக்கொண்டிருக்கும். குழல் நுழையாமற்போவதையும், நோயாளியை ரண சிகிச்சைக்கு மாற்ற நேர்வதையும் மறைக்க முடியாது. 1979ல் அமெரிக்காவில் இம்முறையைக் கையாளும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பொதுவான பதிவேடு ஏற்பட்டபோது அதற்கு அவர் முழு ஆதரவு கொடுத்தார். நன்கு பயிற்சி பெறாதவர் கையில் கருவி சேரக்கூடாது என்பதும் அவருடைய உறுதியான எண்ணம்.

வக்கீல் தொழிலில் பல வருஷம் கழித்தவர் நாம். நியாயஸ்தலத்தின் கதவைத் திறந்து வைத்துத்தான் வழக்கை விசாரிக்கவேண்டும் என்ற விதியின் பயனை நாம் நன்கு அறிவோம். நீதிபதி தவறமாட்டார் என்பதற்காக அவ்விதி ஏற்படவில்லை. தவறினால் நாலு பேர் பார்த்திருப்பார்கள் என்பதற்காகவே ஏற்பட்டது. குருன்ட்ஸிக் வைத்தியசாலைக்கு அந்த விதியைக் கொண்டு வந்தார் என்று சொல்லலாம்.

ஸூரிக்கில் அவருக்குப் போதிய படுக்கைகளும் வசதியும் கிட்டவில்லை. 1980ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே புகழ் வந்தது, செல்வமும் வந்தது. சொந்தமாக விமானம் வாங்கித் தாமே ஓட்டினார். சிகிச்சை அறையில் அளவு கடந்த எச்சரிக்கையுள்ள அவர் வெளியே துணிச்சலை விரும்பினார். 1985ம் வருஷம் அக்டோபர் 27ந் தேதி, கடற்கரையிலிருந்து மோசமான பருவ நிலையில் அட்லாண்டாவுக்குத் திரும்பும் வழியில் விமானம் விழுந்து அவரும் அவருடைய இரண்டாவது மனைவியும் மாண்டனர். வயது நாற்பத்தாறு. அதே ஆண்டில் டாட்டரும், இருதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையைக் கண்ட ஸோன்ஸும் காலமானார்கள்.

பலூனால் விரிந்த குழாய் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் மீண்டும் குறுகியது. அதைத் தடுக்க உள்ளேயே நிறுத்தப்படும் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழல் 1986ல் பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் முதலில் மனிதருக்கு வைக்கப்பட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் 1999ல் வந்தது. தொடைக்குப் பதில் மணிக்கட்டு வழியே செல்லும் முறையை ஆம்ஸ்டர்டாம் வைத்தியர்கள் 1992ல் சிகிச்சைக்குக் கையாண்டனர். நமது அண்டை வீட்டுக்காரரின் மணிக்கட்டுப் பிளாஸ்திரி அவ்வழியாக வந்தது. இவற்றில் ஒன்றையும் காண குருன்ட்ஸிக் இல்லை.

அவருடைய வித்தை நம் நாட்டுக்கு வர அதிக காலம் ஆகவில்லை. அவரிடமே பயின்ற டாக்டர் மாத்யூ ஸாமுவேல் களரிக்கல் 1986ல் சென்னையில் பலூன் சிகிச்சையைத் தொடங்கினார். குருவைப் போலவே பிற வைத்தியர்களுக்கும் கற்பித்து, தேசத்துக்குப் பொதுவான பதிவேடு ஏற்படவும் முன்னின்றார். அவரும் டாக்டர் செரியனும் 2025ல் சில மாத இடைவெளியில் மறைந்தனர். முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் வைத்தியர்களும் கோயம்புத்தூர் வைத்தியர்களும் கூடி, மாரடைப்பு வந்தவரைச் சிற்றூர் ஆஸ்பத்திரியில் முதலில் உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டில் பரீட்சித்தார்கள். 2,420 நோயாளிகளின் கணக்கு 2017ல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6 ஆக இருந்தது, 14.2 ஆகக் குறைந்தது. 2023ல் ராஜாங்கத்தார் ஆரம்பித்த இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடாகியிருக்கிறது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அப்பாலுள்ள கிராமங்களுக்கு இது பெரிய உதவி. வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருப்பவருக்கு எந்தத் திட்டமும் உதவாது. நமது அன்பர் வியர்த்துக் கொட்டியவுடனேயே 108 வண்டியை அழைத்ததால் பிழைத்தார்.

ஆனால் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நடப்பதையும் இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமது நண்பர் ஒருவருக்குப் பரிசோதனை நடந்த இடத்தில் நாம் காத்திருந்தோம். அவருக்கு மாரடைப்பு வரவில்லை. மாடி ஏறினால் மார்பு இறுகும், அவ்வளவே. அறையிலிருந்து ஒரு சிப்பந்தி வந்து, இரண்டு அடைப்பு இருப்பதாகவும், பத்து நிமிஷத்தில் கையெழுத்திட்டால் இப்பொழுதே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றும் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஆறு பக்கக் காகிதத்தை நண்பரின் மனைவியாரிடம் நீட்டினார். அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. நாம் படித்துப் பார்த்தோம்; நமக்கே முழுதும் விளங்கவில்லை. இதுவா ஸூரிக்கில் அந்த முப்பத்தெட்டு வயது மனிதர் கொடுத்த சம்மதம்?

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும். அங்கே விவாதத்துக்கு இடமுமில்லை, நேரமுமில்லை. நிலையாயிருக்கும் மார்பு வலியின் விஷயம் வேறு. 2007ல் வெளிவந்த கரேஜ், 2020ல் வெளிவந்த இஸ்கீமியா என்ற இரண்டு பெரிய ஆராய்ச்சிகளிலும், நல்ல மருந்துகளோடு ஸ்டென்ட்டும் வைத்துக்கொண்டவர்கள், மருந்து மாத்திரம் உண்டவர்களைக் காட்டிலும் அதிக காலம் வாழ்ந்ததாகக் காணப்படவில்லை. வலி குறைவது உண்மை. வலி அதிகமாயிருப்பவருக்கு அதுவே போதுமான காரணம். பிரதான இடது குழாயின் அடைப்பு போன்ற சில விலக்குகளும் உண்டு. எனினும் பத்து நிமிஷ அவசரம் அங்கே இல்லை. வீட்டுக்குப் போய், யோசித்து, வேறொரு வைத்தியரைக் கலந்து, ஒரு வாரம் கழித்து முடிவு செய்யலாம். இதைத் தாழ்வாரத்தில் யாரும் சொல்வதில்லை. ஒரு லட்சத்துக்கு மேலும் விற்ற மருந்து ஸ்டென்ட்டின் விலையை மத்திய சர்க்கார் 2017ம் வருஷம் பிப்ரவரியில் ரூ. 29,600 என்று கட்டுப்படுத்தினார்கள். சாதாரண ஸ்டென்ட்டுக்கு ரூ. 7,260. காப்பீட்டுத் திட்டங்களும் ஏழைகளுக்குக் கைகொடுக்கின்றன. விலைக்குச் சட்டம் வந்ததுபோல, தாய்மொழியில் விளக்கம் சொல்வதற்கும் கண்டிப்பான விதி வந்து, அது நடைமுறையிலும் வரவேண்டுமென்று நாம் கோருகிறோம். கையெழுத்திடும் காகிதம் தமிழில் இருக்கவேண்டும். வைத்தியரே வந்து படத்தைக் காட்டிப் பேசவேண்டும். மருந்து மாத்திரம் உண்டால் என்ன ஆகும் என்ற மூன்றாவது வழியும் அதில் இருக்கவேண்டும்.

ஸூரிக்கின் முதல் நோயாளி 1987ல், சரியாகப் பத்தாம் ஆண்டில், அட்லாண்டாவுக்குச் சென்று தம் இருதயக் குழாயைப் படம் பிடித்துக் காண்பித்தார். குருன்ட்ஸிக் விரித்த இடம் அப்படியே திறந்திருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் அப்படியே.

நமது லேத் அன்பரிடம் ஆஸ்பத்திரியார் ஒரு சி.டி. கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சுவாமி படத்தின் பின்னால் வைத்திருந்தார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் அழைத்துக்கொண்டு அவர் நமது அலுவலகத்துக்கு வந்தார். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினோம். சாம்பல் நிறத் திரையில் கறுப்புக் கொடிபோல ஒரு குழாய் துடித்துக்கொண்டு ஓடியது. நடுவில் ஓரிடத்தில் அறுந்ததுபோல் நின்றது. அடுத்த படத்தில் நிற்காமல் நுனிவரை ஓடியது. கம்பியின் தடிப்பை ஆயிரத்தில் ஒரு பங்கு வரையில் அளந்து பழகிய அவர் ஒன்றும் பேசாமல் பார்த்தார். தாயார்தான், அந்த முதல் படத்தை இன்னொருமுறை காட்டச் சொன்னார்.